வரிக் கடிதம் வந்தால் யாரிடம் போவது?



சென்ற மாதங்களில் எங்கள் நலன்புரிக் காரியாலயத்துக்கு வந்த கடிதங்களில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. சேமலாப நிதிக் கடிதம், பிறப்புப் பத்திரக் கடிதம், வங்கிக் கடன் கடிதம் எல்லாம் நாங்கள் பார்த்துப் பழகியவை. இது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து வரும் கடிதம். கவரைப் பார்த்ததுமே முகம் வெளுத்துப் போய்த்தான் ஆட்கள் வருகிறார்கள். "ஐயா, இதை நாங்களே பாத்துக்கலாமா, இல்ல காசு குடுத்து ஆள் வைக்கணுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு எங்களுக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறோம்.

"தோட்டத்து ஆளுக்கு என்ன வருமான வரி?" என்று சிலர் சிரிப்பார்கள். மலையில் கொழுந்து எடுப்பவருக்கு வரி இல்லை என்பது உண்மைதான். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும் அந்தக் கணக்கில் வருடத்துக்கு 4,05,000 ரூபாய்தான். வருமான வரிக்கு விலக்கான தொகையோ 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம். அதற்கு முன், 2023 ஜனவரியிலிருந்து, 12 இலட்சமாக இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் நாட்சம்பளக்காரர் அந்தக் கோட்டைத் தொடப் போவதில்லை.

ஆனால் இன்றைக்கு லயத்தில் இருக்கிற எல்லோரும் நாட்சம்பளக்காரர் இல்லை. மகன் மரக்கறி வாங்கி விற்கிறான், மருமகன் ஆட்டோ இரண்டு ஓட விட்டிருக்கிறார், தம்பி கொழும்பில் கடை போட்டிருக்கிறார். விலாசம் மட்டும் அப்பா அம்மா இருக்கிற லயத்து விலாசம்தான். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, நம்முடைய பெயர்களும் திணைக்களத்தின் கணினியில் ஏறி வருகின்றன. இந்த இலக்கத்தை எல்லோரும் 'டின் நம்பர்' என்கிறார்கள். டின் நம்பர் எடுத்ததாலேயே யாரும் வரி கட்ட வேண்டியதில்லை. வருமானம் கோட்டைத் தாண்டினால்தான் வரி. இது தெரியாமல் ஒரு அம்மா மூன்று இரவு தூங்கவில்லை என்று சொல்லி அழுதார். அவருக்கு வந்திருந்தது வெறும் பதிவுக் கடிதம்.

ஆகவே முதலில் கடிதத்தைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இங்கிலீசிலோ சிங்களத்திலோ வந்திருந்தால், தமிழில் தாருங்கள் என்று எழுதிக் கேட்கலாம். அரசாங்க அதிகாரியோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை இருப்பதை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் தமிழ்ப் பிரதி வரட்டும் என்று நாளை ஓட விடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

பிரதேச சபையிலிருந்து வரும் சோலைவரிக் கடிதத்தையும் சிலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. அதற்கு சபைக் காரியாலயத்துக்குத்தான் போக வேண்டும்.

நீங்களே செய்யக்கூடிய வேலை

ஒரு சின்ன உதாரணம். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் தன் சேமலாப நிதிப் பணத்தில் ஐந்து இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டிருந்தார். வட்டியில் காசு குறைகிறதே என்று வந்தார். கணக்கு இதுதான்: ஐந்து இலட்சத்துக்கு நூற்றுக்கு எட்டு வட்டி என்றால் வருடத்துக்கு 40,000 ரூபாய். அதில் நூற்றுக்குப் பத்து, அதாவது 4,000 ரூபாயை, வங்கி வரியாகப் பிடித்துக்கொள்கிறது. 2023இல் இந்தப் பிடிப்பு நூற்றுக்கு ஐந்தாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் பத்தாகியது. ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், அப்படியென்று வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். டின் நம்பரும் அடையாள அட்டையும் கொண்டுபோனால் போதும். அவர் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு வந்தார்.

இதே வேலைக்கு டவுனில் ஒருவர் 3,000 ரூபாய் கேட்டாராம். 4,000 ரூபாயைக் காப்பாற்ற 3,000 கொடுப்பதா!

இப்படிப் பல வேலைகளுக்கு ஆள் வேண்டியதில்லை. டின் நம்பர் எடுப்பது, விலாசம் மாற்றுவது, வியாபாரத்தை நிறுத்தியாகிவிட்டது என்று அறிவிப்பது, ஏற்கெனவே கட்டிய வரிக்குப் பற்றுச்சீட்டைக் காட்டுவது எல்லாம் நாமே செய்யக்கூடியவை. சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். வரித்தொகை சரிதான், ஒரே தடவையில் கட்டக் கையில் காசு இல்லை என்பது மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால், அதற்கும் ஆள் வேண்டியதில்லை. தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம், மாத வருமானம் எவ்வளவு, வீட்டில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற விபரம், இவற்றோடு நேரில் போக வேண்டும். முடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். பயத்தில் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் மறுபடி பேச்சு எடுபடாது. தவணை தந்தாலும் பாக்கிக்கு வட்டி ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு தம்பியின் கதை

இனி ஆள் வைக்க வேண்டிய சந்தர்ப்பம். இதில் எங்கள் தவறும் உண்டு என்பதால் விபரமாகவே சொல்கிறோம்.

எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி. அப்பா ஓய்வு பெற்ற கங்காணி. தம்பி கந்தப்பளை, இராகலைப் பக்கம் தோட்டக்காரர்களிடம் கோவா, லீக்ஸ், கரட் வாங்கி லொறியில் பேலியகொடைக்கு அனுப்புகிறவர். கொழும்பு வியாபாரிகள் காசை நேரே அவருடைய வங்கிக் கணக்கில் போடுவார்கள். அவர் அதை எடுத்து மரக்கறி கொடுத்தவர்களுக்குக் கையில் கொடுப்பார். கொப்பி கிடையாது. துண்டுத் துண்டுச் சிட்டைகள்தான், அதுவும் பாதி லொறியிலேயே கிடக்கும்.

அவர் ஒரு வருடமும் வரி விபரத்திரட்டு கொடுத்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மதிப்பாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடியும், அதற்கான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விபரத்திரட்டு வராவிட்டால் திணைக்களம் தன்னிடம் இருக்கும் தகவலை வைத்துத் தானே மதிப்பிடலாம். அப்படியே நடந்தது. 2023/24 மதிப்பாண்டில் அவருடைய கணக்கில் விழுந்த தொகை 72 இலட்சம். அது முழுவதும் வருமானம் என்று எடுத்து, 12 இலட்சம் விலக்குப் போக மிச்சம் 60 இலட்சத்துக்கு வரி போட்டு வந்திருந்தது. அந்த வருடம் ஒவ்வொரு ஐந்து இலட்சத்துக்கும் நூற்றுக்கு 6, 12, 18, 24, 30 என்று ஏறி, அதற்கு மேல் 36. கூட்டிப் பார்த்தால் 17 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். தண்டப்பணமும் வட்டியும் வேறு.

உண்மையில் அந்த 72 இலட்சத்தில் மரக்கறிக்குக் கொடுத்தது, லொறிக் கூலி, சாக்கு, தரகு, அழுகிப் போனது எல்லாம் கழித்தால் அவர் வீட்டுக்கு வந்தது ஆறு ஏழு இலட்சத்துக்கு மேல் இராது. அந்தத் தொகைக்கு வரியே இல்லை. கணக்கில் விழுந்த காசு வேறு, சம்பாதித்த காசு வேறு. ஆனால் அதைக் காட்ட வேண்டியது அவர்தான்.

கடிதத்தோடு முதலில் அவர் எங்களிடம்தான் வந்தார். நாங்கள் அதை மேலோட்டமாகப் பார்த்தோம். இங்கிலீசு, பெரிய தொகை, நமக்கு விளங்காத பிரிவு இலக்கங்கள். "தம்பி, இது பெரிய விசயம், தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். திகதியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது இன்னும் எங்கள் மனதை உறுத்துகிறது.

அவர் போனது டவுனில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம். அந்த ஆள் "கொழும்பு ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி 25,000 ரூபாயும் அசல் கடிதமும் வாங்கி வைத்துக்கொண்டார். பற்றுச்சீட்டு இல்லை, பிரதியும் இல்லை. இரண்டு மாதம் "போய்க்கிட்டு இருக்கு" என்றே பதில். மூன்றாவது கடிதம் வந்தபோதுதான் எதுவுமே போகவில்லை என்று தெரிந்தது.

இங்கேதான் நாம் நாளைப் பற்றிச் சொன்னது வருகிறது. மதிப்பீட்டை ஏற்காதவர், அது தனக்கு அறிவிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்டு ஆணையாளர் நாயகத்துக்கு எழுத வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நோயோ வேறு நியாயமான காரணமோ இருந்தால் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. முப்பது நாள் போனால் இல்லாத வரியும் இருக்கிற கடனாகிவிடும். பிறகு வங்கிக் கணக்கில் கை வைக்கலாம், நீதிமன்றத்துக்கும் இழுக்கலாம்.

ஆகவே ஆள் தேடுவதற்கு முன்னால் உங்கள் கையால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. எந்தத் திகதியில் கடிதம் கிடைத்தது என்று கவரிலேயே எழுதி வையுங்கள். ஆள் கிடைக்கும் வரை காத்திராமல், "இந்த மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை, மீளாய்வு செய்யுங்கள், காரணம் இது" என்று ஒரு பக்கக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். அந்தத் தொகையை அறவிடுவதை அதுவரை நிறுத்தி வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். விபரத்தைப் பிறகு ஆள் வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். போன நாள் மட்டும் திரும்பி வராது.

யாரை வைப்பது, எப்படி வைப்பது

அந்தத் தம்பி விசயத்தில் ஆள் வைத்தது தவறில்லை. ஆள்தான் தவறு. வியாபாரக் கணக்கு இருந்தால், வருடம் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், வேண்டுமென்றே மறைத்ததாகக் கடிதத்தில் சொல்லியிருந்தால், வேறொருவருக்காக உங்கள் பெயரைக் கொடுத்து லொறியோ கணக்கோ எடுத்திருந்தால், அது நாமே பேசித் தீர்க்கும் விசயமில்லை. மீளாய்விலும் தோற்று வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போவதென்றால் கட்டாயம் தெரிந்தவர் வேண்டும். அந்த ஆணைக்குழு 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. அங்கும் நாள் கணக்கு உண்டு.

பெயர் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டவுன் முதலாளி நல்லவர், நம் பிள்ளைக்கு வேலை கொடுத்தவர் என்று அடையாள அட்டையைக் கொடுத்திருப்பீர்கள். காசு அவருடையது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் திணைக்களத்துக்குத் தெரிவது உங்கள் பெயர்தான். இந்தக் கேஸில் முதலாளி அனுப்பும் சட்டத்தரணியிடமே போகாதீர்கள். அவர் முதலாளியின் ஆள். உங்களுக்கென்று தனியாக ஒருவரைப் பாருங்கள். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருமானம் குறைந்தவர்களுக்காகவே அமைந்தது அது.

காசு கொடுத்து வைப்பதென்றால் பட்டயக் கணக்காளர் அல்லது சட்டத்தரணி. கணக்குத்தான் பிரச்சினை என்றால் கணக்காளர், சட்டமும் வழக்கும் என்றால் சட்டத்தரணி. பட்டயக் கணக்காளர் என்று சொல்பவர் உண்மையில் உறுப்பினர்தானா என்று அவர்களுடைய நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. கேட்பதில் வெட்கம் எதற்கு? ஆடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமே.

கட்டணம் எவ்வளவு, எந்த வேலை வரைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். "வரியைக் குறைச்சா பாதி எனக்கு" என்பவரிடம் போகாதீர்கள். "ஆபீஸில் ஆளுக்குக் குடுக்கணும்" என்று காசு கேட்பவரிடம் அறவே போகாதீர்கள். அது இலஞ்சம், மாட்டினால் நீங்களும் குற்றவாளி. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். திணைக்களத்தின் இணைய சேவைக்கான இரகசிய இலக்கம் உங்களிடமே இருக்கட்டும். அசல் கடிதத்தைக் கொடுக்காமல் பிரதி எடுத்துக் கொடுங்கள். வரிப்பணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இடையாள் கையில் கொடுக்காதீர்கள். வரி செலுத்தும் சிட்டையை நிரப்பித் தரச் சொல்லி, இலங்கை வங்கியில் நீங்களே கட்டி, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள்.

அசலை ஏன் கொடுக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம் முன்னோர்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் காகிதம் அது. கடன் கணக்கோ கங்காணியின் கையில். தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதியிருக்கிறது என்று ஆளுக்கே சரியாகத் தெரியாது. கட்டினது எவ்வளவு, ஏறினது எவ்வளவு என்று கேட்கவும் வாய் வராது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து நாமாகவே போய் நம் கடன் காகிதத்தை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வரலாமா?

செலவுக் கணக்கும் பார்க்க வேண்டும். பாக்கி 20,000, கணக்காளர் 30,000 கேட்கிறார் என்றால் நாமே போய்ப் பேசுவதுதான் சரி. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும்தான் செலவு. பாக்கி பல இலட்சம், அதில் பெரும்பகுதி தவறான மதிப்பீடு என்றால் கணக்காளருக்குக் கொடுப்பது வீண் செலவில்லை. நடுவில் ஒரு வழியும் உண்டு. ஒரே ஒரு தடவை ஆலோசனைக்கு மட்டும் காசு கொடுத்து, கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மிச்சத்தை நாமே செய்வது. இப்படிச் செய்யலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

அந்தத் தம்பிக்கு இப்போது ஒரு பட்டயக் கணக்காளரை வைத்திருக்கிறோம். கட்டணத்தை எழுத்தில் வாங்கி, இரண்டு தவணையாகக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் முதல் நாளே கேட்டது, "யாரிடம் மரக்கறி வாங்கினீர்கள், அவர்கள் எழுதித் தருவார்களா?" என்பதுதான். தம்பியும் அவருடைய மனைவியும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் 41 பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தார்கள். லொறிக்காரர் தன் பழைய டயரியைக் கொடுத்தார். லொறி சீட்டுக்கு அடியில் கிடந்த சிட்டைகளை எல்லாம் எடுத்து, ஈரத்தில் ஒட்டிப் போனதை அடுப்படியில் காயவைத்து, மாதவாரியாக நூலில் கோத்தார்கள். தாமதத்துக்கான காரணத்தையும் விளக்கி மீளாய்வுக் கோரிக்கை போயிருக்கிறது. அசல் கடிதத்தைப் பழைய ஆளிடமிருந்து திரும்ப வாங்குவதற்கு மட்டும் நாலு தடவை நடக்க வேண்டியிருந்தது. 25,000 ரூபாய் திரும்பவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால், கவரோடு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கையில் இருக்கிற சிட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் காரியாலயத்துக்கு வாருங்கள். சம்பள நாள் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று இருக்காமல் வந்த வாரமே வாருங்கள். இந்தத் தடவை முதலில் திகதியைத்தான் பார்ப்போம்.